எண்ணூரை ‘ஏற்கெனவே தொழிற்பகுதி’ என்று எழுதும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வடசென்னையின் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் நிபுணர் குழு உறுப்பினர்களுக்கும்,

2017இல் மூடிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கமாக 660 மெகாவாட்டில் புதிய அலகு அமைக்கும் திட்டத்துக்காக, 2024 டிசம்பரில் எர்ணாவூரில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. எழுந்து பேசியவர்கள் பலரும் வேண்டாம் என்றே சொன்னார்கள். அந்தப் பேச்சின் சூடு ஆறுவதற்குள் கொடுங்கையூர் குப்பைமேட்டில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்று அடுத்த திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: இது ஏற்கெனவே தொழிற்சாலைகள் இருக்கிற பகுதி, நிலம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, கூடுதல் பாதிப்பு வரம்புக்குள்தான் இருக்கும். இந்தப் பதிலை ஏற்க முடியாது என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் எர்ணாவூரில் மருந்துக்கடை நடத்துகிறேன். பிறந்த வீடு முகத்துவாரத்தை ஒட்டிய குப்பம். அப்பா கொசஸ்தலை ஆற்றில் வலை போட்டவர். விஞ்ஞானி இல்லை நான். ஆனால் இந்த ஊரில் யாருக்கு எப்போது மூச்சு வாங்குகிறது என்பது உங்கள் அறிக்கைகளுக்கு முன்னால் என் கல்லாப்பெட்டிக்குத் தெரிந்துவிடுகிறது.

கடையைத் திறந்ததும் முதல் வேலை கண்ணாடி மேசையைத் துடைப்பது. இரவு துடைத்துவிட்டுப் போன மேசைதான். காலையில் துணி கருப்பாக வரும். காற்று ஊர்ப்பக்கம் திரும்பிய நாட்களில் ஏழு மணிக்கே பெண்கள் வந்து நிற்பார்கள். “அந்த நீலப் பம்பு ஒண்ணு குடுங்கக்கா, பையனுக்கு நைட்டெல்லாம் இழுப்பு.” இன்ஹேலரை இங்கே யாரும் இன்ஹேலர் என்று கேட்பதில்லை. பம்பு. முழுப் பம்பு வாங்கக் காசில்லாதவர்கள் இழுப்பு மாத்திரையை அட்டையிலிருந்து மூன்று வெட்டித் தரச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துப் பையில் தண்ணீர் பாட்டிலோடு பம்பையும் வைத்து அனுப்பும் அம்மாக்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஆஸ்பத்திரியில் ‘ஆவி வைத்துவிட்டு’ வந்த குழந்தையை அப்படியே இடுப்பில் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கூலி போயிருக்கும். இதெல்லாம் தூசியால்தான் என்று நிரூபிக்க முடியுமா என்று கேட்பீர்கள். நிரூபிக்கும் பொறுப்பு மருந்துக்கடைக்காரியுடையது ஆகாது. வார்டு வார்டாகக் குழந்தைகளின் நுரையீரலைச் சோதித்து, முடிவை ஊருக்குச் சொல்லும் அதிகாரமும் ஆட்களும் இருப்பது அரசிடம்.

என் தொழிலில் தினமும் ஒன்றைப் பார்க்கிறேன். ஒருவர் காய்ச்சலுக்கு ஒரு டாக்டரிடம் சீட்டு வாங்கியிருப்பார், சளிக்கு இன்னொருவரிடம், மூட்டுவலிக்கு வேறொருவரிடம். மூன்று சீட்டிலும் பாராசிட்டமால் இருக்கும். ஒவ்வொரு சீட்டையும் தனியாகப் பார்த்தால் அளவு சரி. மூன்றையும் ஒரே ஆள் விழுங்கினால் கல்லீரல் போய்விடும். அதனால் நாங்கள் சீட்டுகளை ஒன்றாக விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுப்போம். நீங்கள் எண்ணூர்–மணலி பகுதிக்கு எழுதும் சீட்டுகளை யாராவது ஒன்றாக விரித்துப் பார்த்திருக்கிறார்களா?

நிலக்கரியில் மட்டும் கணக்குப் போடுகிறேன். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்ட மூன்றாம் கட்டம் 800. வல்லூரில் 1,500. இதுவே 4,130 ஆகிவிட்டது. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டம் என்று இன்னொரு 1,320. அதற்கு மேல்தான் இந்த 660. எல்லாம் சேர்ந்தால் 6,110 மெகாவாட். இதில் சுத்திகரிப்பு ஆலை, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள், உர ஆலைகள், துறைமுகங்கள், நிலக்கரி யார்டுகள், இரவு பகலாக வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள் எதுவும் சேரவில்லை. கொடுங்கையூர் சேரவில்லை. இத்தனைக்கும் மின்சாரம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் ஃபேன் சுற்றுகிறது. ஆனால் மாநிலம் முழுக்க ஓடும் ஃபேனுக்கான சாம்பலையும் புகையையும் இரண்டு மூன்று வார்டுகளே வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது எந்தக் கணக்கு?

இதற்காக நீங்கள் புதுச் சட்டம் எழுதத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு இருக்கும் முதல் படிவத்திலேயே, பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும், இனி வரப்போகும் திட்டங்களோடு சேர்ந்து இந்தத் திட்டத்தின் ஒட்டுமொத்தப் பாதிப்பு என்ன என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கட்டத்தில் எழுதப்படும் ஒற்றை வரிப் பதிலை நீங்கள் ஏற்றுக்கொள்கிறீர்கள். எங்கள் புகார் அதுதான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது மணலிக்குக் கொடுத்த மதிப்பெண் 76.32. எழுபதைத் தாண்டினால் ‘மிகக் கடுமையாக மாசடைந்த பகுதி’. அப்படிப்பட்ட 43 இடங்களில் 2010 ஜனவரியில் புதிய திட்டங்களுக்குத் தடை போட்டார்கள். பிறகு மணலிக்குத் தடை விலகியது. 2018இல் மறுபடி அளந்தார்கள். மதிப்பெண் எண்பதைத் தாண்டியது. நோயாளிக்குச் சுரம் ஏறியிருக்கிறது என்று உங்கள் அளவுகோலே சொன்ன பிறகும் இங்கே புதிய புகைபோக்கிகள் எழும்பின.

கந்தக டை ஆக்சைடு விஷயம் இன்னும் மோசம். நிலக்கரி எரியும்போது வரும் இந்த வாயு, காற்றில் கலந்து நுண்துகளாக மாறி நுரையீரலின் அடிவரை போகிறது. அதைப் பிடித்து நிறுத்தும் கருவியைப் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு 2017. அது நீட்டப்பட்டது, மறுபடி நீட்டப்பட்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரங்களின் 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கு 2027 டிசம்பர் வரை கெடு. 2015இல் பிறந்த குழந்தை அப்போது ஏழாம் வகுப்பில் இருக்கும். பழைய அலகுகளில் விதியை நிறைவேற்றாமலே அதே பகுதியில் புதிய அலகுக்கு நிபந்தனைகள் எழுதி அனுமதி தந்தால், அந்த நிபந்தனைகளை நாங்கள் எப்படி நம்புவது?

இனி ஆறு. அப்பாவுக்கு இந்த ஆற்றில் ‘பாடு’ இருந்தது. எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எல்லோருக்கும் சோறு கிடைக்க வேண்டும் என்று எங்கள் முன்னோர் செய்துவைத்தது. இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் எடுப்பார்கள், வாயில் கவ்விய பறி என்னும் ஓலைக்கூடையில் போடுவார்கள். இறால் சேற்றில்தான் பதுங்கும். இன்று அந்தச் சேற்றின் மேல் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோகும் குழாய்கள் ஆற்றைக் கடந்து போகின்றன. அவை ஓட்டை விழுந்து பீய்ச்சியடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆழமாக இருந்த இடத்தில் இப்போது முழங்கால் அளவு நீர். படகு தரை தட்டுகிறது. காலை வைத்தால் சாம்பல் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்கிறது. இந்தச் சாம்பல் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022இல் தீர்ப்பே கொடுத்துவிட்டது. ஆற்றுக்குள் இறங்கிப் பார்க்கிறவர்களுக்கு அந்தத் தீர்ப்பு வந்த அடையாளம் தெரியவில்லை.

சாம்பல் போதாது என்று காக்கா ஆழி வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஓட்டுயிர் கப்பல்களோடு வந்ததாகத்தான் எங்கள் மீனவர்கள் சொல்கிறார்கள். கம்பளம் விரித்ததுபோல் ஆற்றின் அடியை மூடிவிடுகிறது. இறால் புதைய இடமில்லை, காலை வைத்தால் ஓடு கிழிக்கிறது. மேல் பக்கம் எண்ணெய், நடுவில் அனல்மின் நிலையங்கள் விடும் சுடுநீர், அடியில் சாம்பலும் ஆழியும். மீன் எங்கே இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்ணெய் என்றதும் இரண்டு முறை ஊர் பட்டது ஞாபகம் வருகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய கருப்புக் குழம்பை ஆட்கள் வாளியால் மொண்டு எடுத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக ஆற்றுக்குள் வந்தது. அப்போதும் அதே வாளிதான். இடையில் கழிந்த ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் வாளிக்கு மாற்றாக எங்கள் குப்பத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. என் தம்பி உட்படக் குப்பத்து ஆண்கள் வெறும் கையோடு இறங்கினார்கள். உடம்பில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டு, தோல் எரிச்சலோடு என் கடைக்கு வரிசையாக வந்தார்கள். மருந்தை எண்ணிக் கொடுக்க மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். வலைகளைக் கழுவ வழியே இல்லை. எரிக்கத்தான் முடிந்தது.

அந்த 2023 எண்ணெய்க் கசிவுக்கு அரசு கொடுத்த நிவாரணம் பதிவில் இருக்கிறது: 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000, மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500. கொடுத்ததை மறுக்கவில்லை. ஆனால் ஒரு நல்ல வலையின் விலை தெரிந்த எவரும் இதை இழப்பீடு என்று சொல்ல மாட்டார்கள். கூடை தூக்கித் தெருத்தெருவாக மீன் விற்கும் என் அத்தையிடம் “எண்ணூர் மீனா? வேண்டாம், எண்ணெய் நாத்தம்” என்று வாங்குகிறவர்கள் முகம் திருப்பிக்கொண்டது மாதக்கணக்கில் நீடித்தது. அந்த இழப்பை எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

எண்ணெய் வாடை போவதற்குள், அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில், பெரியகுப்பம் பக்கம் உர ஆலைக்காகக் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தம்பி போன் பண்ணினான். “அக்கா, கண்ணு எரியுது, மூச்சு முட்டுது, எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியல.” எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியாது. அபாயச் சங்கு எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவிகளை ஆட்டோவில் திணித்துக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை வாசலருகே காற்றில் ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டிய அமோனியா 2,090 இருந்தது, கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டியது 49 இருந்தது என்று பிற்பாடு அளந்து சொன்னார்கள். அமோனியா தண்ணீரில் கரையும். ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போனால் பலருக்குப் பாதிப்பு குறைந்திருக்கும். மருந்தியல் படித்த எனக்குத் தெரிந்த இந்த இரண்டு வரியை அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே வாழ்கிறவர்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. குழாய் அங்கே இருக்கிறது என்று பலருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

ஏன் எல்லாம் இங்கேயே வருகிறது? இங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மீனவக் குப்பங்கள், தலித் குடியிருப்புகள், இருளர்கள், சுனாமிக்குப் பிறகு வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து எர்ணாவூர் குடியிருப்புகளில் வைக்கப்பட்டவர்கள், தினக்கூலிகள். கொடுங்கையூரில் குப்பைமேட்டை ஒட்டி இருப்பது எழில் நகரும் ஆர்.ஆர். நகரும், அந்த மேட்டில் கொட்டப்படுவதோ அண்ணாநகர் உட்பட நகரத்தின் எட்டு மண்டலங்களின் குப்பை. செப்பாக்கம் கிராமம் சாம்பல் குட்டையின் ஓரத்தில் கிடக்கிறது. காற்று அடித்தால் சோற்றில் சாம்பல் விழுகிறது, தங்களை வேறு இடத்துக்காவது மாற்றுங்கள் என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம், அதுவும் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதே நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் எண்ணூர் கழிமுகமும் அலையாத்தியும் உப்பளமும் உள்ள சதுப்புநிலந்தான். அங்கே வலசைப் பறவை என்று பார்த்தவர்களின் கண்ணுக்கு இது மட்டும் காலி மனையாகத் தெரிகிறது.

வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, காண்ட்ராக்டில், சாம்பல் அள்ளவும் தொட்டி கழுவவும். நிரந்தர வேலையில் இருக்கும் அதிகாரிகள் இந்த ஊரில் வீடு எடுத்துத் தங்குவதை நான் பார்த்ததில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான பக்க அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். எங்களுக்குத் தமிழில் தருவது சுருக்கம். கூட்டம் வேலை நாளில், கடலுக்குப் போகிற, மீன் விற்கிற நேரத்தில் நடக்கும். முன் வரிசைகளில் நாங்கள் ஒருநாளும் பார்த்திராத முகங்கள் உட்கார்ந்திருக்கும். இருந்தும் எங்கள் பெண்கள் மைக்கைப் பிடித்துப் பேசுகிறார்கள். பேசியது குறிப்பில் ‘உள்ளூர் மக்கள் சில ஐயங்களை எழுப்பினர்’ என்று சுருங்கிவிடுகிறது. பிள்ளையின் மூச்சுத்திணறலை ஐயம் என்று எழுதாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொன்னது: மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், தீங்கு வராது என்று காட்டும் பொறுப்பு தொழில் தொடங்குகிறவருடையது. தமிழ்நாட்டு மக்கள் போராடி வாங்கிய தீர்ப்பு அது. எண்ணூருக்கு அது பொருந்தாதா?

நாங்கள் கேட்பவை இவை.

எண்ணூர், மணலி, மீஞ்சூர், கொடுங்கையூர் பகுதி முழுவதற்கும் சேர்த்து ஒட்டுமொத்தப் பாதிப்பு ஆய்வு நடத்துங்கள். அது முடிந்து, தமிழில் முழுதாக வெளியாகி, மக்களிடம் விவாதிக்கப்படும் வரை 660 மெகாவாட் அலகு உட்படப் புகை விடும் எந்தப் புதிய திட்டத்துக்கும் விரிவாக்கத்துக்கும் அனுமதி தராதீர்கள். ஏற்கெனவே ஓடும் நிலையங்களில் கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவிகளைப் பொருத்துவதில் எந்த அலகு எந்த நிலையில் இருக்கிறது என்பதை மாதந்தோறும் வெளியிடச் செய்யுங்கள். கெடுவை இன்னொரு முறை நீட்டப் பரிந்துரைக்காதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சுகாதாரத் துறையோடு சேர்ந்து நுரையீரல் சோதனை நடத்தி, வார்டு வாரியாக முடிவைப் பொதுவில் வையுங்கள். நோய் கண்டவர்களுக்கு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தடையில்லாமல் கிடைக்க வேண்டும். இதனால் என் வியாபாரம் குறையும், குறையட்டும்.

ஆற்றிலிருந்து சாம்பலையும் காக்கா ஆழியையும் அகற்றும் வேலைக்கு மாத வாரியாகக் காலக்கெடு அறிவியுங்கள். எங்கே ஆழம், எங்கே இறால் படுகை என்று தெரிந்த குப்பத்து மீனவர்களையும் இருளர் பெண்களையும் மேற்பார்வைக் குழுவில் சம உரிமையோடு உட்கார வையுங்கள். செப்பாக்கத்து மக்களோடு பேசி, அவர்கள் கேட்கிற இடத்தில் வீடும் பிழைப்பும் கொடுங்கள். இழப்பீட்டுப் பட்டியல்களில் மீன் விற்கும் பெண்களையும் கையால் இறால் பிடிப்பவர்களையும் அவரவர் பெயரில் சேருங்கள்.

ஊருக்குள் போகும் ஒவ்வொரு குழாயின் வரைபடத்தையும், அதில் என்ன போகிறது, கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தமிழில் குப்பம்தோறும் எழுதி வையுங்கள். சங்கு வையுங்கள். ஆண்டுக்கு இரு முறையாவது இரவு நேரத்தில் ஒத்திகை நடத்துங்கள், ஏனென்றால் வாயு இரவில்தான் வந்தது.

கொடுங்கையூரில் எரிக்கும் ஆலைக்கு அனுமதி மறுத்து, அந்தந்த மண்டலத்துக் குப்பையை அந்தந்த மண்டலத்திலேயே பிரித்துக் கையாளும்படி மாநகராட்சியைக் கேளுங்கள்.

இனி நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டங்களை மாலை நேரத்தில், குப்பங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் வையுங்கள். முழு அறிக்கையையும் தமிழில் ஒரு மாதம் முன்பே தாருங்கள். ஒவ்வொருவர் பேசியதும் அவரவர் வார்த்தையிலேயே பதிவாகட்டும், அதற்கு உங்கள் பதில் என்ன என்பதும் பக்கத்திலேயே எழுதப்படட்டும்.

இந்தக் கோரிக்கைகளில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை எந்தக் காரணத்தால் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் தாருங்கள். வந்த பதிலைத் தமிழில் அச்சடித்து எர்ணாவூரிலும் குப்பங்களிலும் ஒட்டிவைப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
எர்ணாவூரில் மருந்துக்கடை நடத்தும் ஒரு மீனவர் மகள்